கதிர் வைத்தியமும் திட்டச் செலவும்

சானமாவுக் காட்டோரத்தில் ராகியும் தக்காளியும் பயிரிட்டு, அரை ஏக்கரில் மல்பெரியும் வளர்த்துவரும் அங்கத்தினர் ஒருவர், சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். சங்கத்தின் கடன் பதிவேடுகளை நான் அன்று பரிசீலித்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் என்பது எங்களில் சிலருக்கு முன்பே தெரியும். புகையிலை அடக்கும் பழக்கம் முப்பது ஆண்டுப் பழக்கம். எல்லைக்கு அப்பால் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை, அதாவது நம் ஊர்களில் ‘கரண்ட் வைத்தல்’ என்று சொல்லப்படும் வைத்தியம், 33 நாட்களுக்குச் செய்ய வேண்டும் என்று கூறியிருந்தார்கள். அந்தச் செலவு மதிப்பீடுதான் அக்காகிதம்.

“சார், கணக்குப் பார்க்கிறவர் நீங்கள். இதில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. கரண்ட் வைப்பதற்கு முன்னாலேயே இவ்வளவு பணம் கட்டியாகிவிட்டது. இது எதற்கு?” என்று கேட்டார்.

முகமூடிக்கு ஒரு தொகை, ஸ்கேனுக்கு ஒரு தொகை, ‘திட்டமிடல்’ என்று ஒரு பெருந்தொகை. மூன்றும் சேர்ந்தால் மொத்த மதிப்பீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வவுச்சர் இல்லாத செலவைக் கண்டால் கை தானாகவே சிவப்புப் பென்சிலைத் தேடும் உத்தியோகம் என்னுடையது. நான் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டேன். போட்டதோடு நிற்கவில்லை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்து அட்டை இருக்கும்போது ரொக்கம் கட்டுவானேன், தமிழ்நாட்டின் உட்பகுதியில் அட்டையை ஏற்கும் ஆஸ்பத்திரிக்கு மாறிவிடுங்கள், போட்ட திட்டத்தை ஒரு தகட்டில் வாங்கிக்கொண்டு போனால் அங்கே நேராகச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள் என்றும் புத்தி கூறினேன். பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழைப் போல அதுவும் ஊருக்கு ஊர் செல்லுபடியாகும் என்பது என் எண்ணம்.

ஆஸ்பத்திரியை மாற்றியது சரியே. திட்டத்தைப்பற்றி நான் சொன்னதோ முழுத் தவறு. புது ஆஸ்பத்திரியில் தகட்டை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, முகமூடியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் தொடங்கினார்கள். முன்பு கட்டிய பணம் போனது போனதுதான். அதைவிடப் பெரிய நஷ்டம், அலைச்சலில் கழிந்த பதினொரு நாட்கள். இந்த வியாதியில் பதினொரு நாள் என்பது சிறு விஷயமன்று. என் அறியாமையால் ஒருவருக்கு நேர்ந்த தாமதம் அது என்பதால், இக்கட்டுரையை எழுதும் கடமையும் எனக்கு இருக்கிறது.

புது ஆஸ்பத்திரியின் மருத்துவ இயற்பியலாளர் ஓர் இளம் பெண்மணி. என் கேள்விகளுக்காக உணவு வேளையை விட்டுக்கொடுத்து அவர் காட்டியவற்றை இங்கே என் சொற்களில் கூறுகிறேன்.

சிகிச்சை அறையில் நோயாளி கிடக்கும் நேரம் தினமும் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் கதிர் எங்கே விழ வேண்டும், எங்கே விழக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் திட்டமிடல். முதலில், வெந்நீர்த் தொட்டியில் போட்டால் இளகும் ஒருவகை பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் விரித்து அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் அது முகத்தின் அச்சாகவே இறுகிவிடுகிறது. 33 நாளும் தலை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த முகமூடி. அதை மாட்டியபடியே ஸ்கேன் எடுக்கிறார்கள். சில மில்லிமீட்டருக்கு ஒரு படமாக நூற்றுக்கு மேற்பட்ட குறுக்கு வெட்டுப் படங்கள் கிடைக்கின்றன. டாக்டர் ஒவ்வொரு படத்திலும் நோய் உள்ள இடத்தையும், நோய் பரவியிருக்கக்கூடிய இடத்தையும், காப்பாற்ற வேண்டிய உறுப்புகளையும் கோடிட்டுக் குறிக்கிறார். பின்னர் இயற்பியலாளர், எந்தெந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிரைச் செலுத்தலாம் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப மாற்றுகிறார். நம் அங்கத்தினரின் கன்னத்துக்கு 66 கிரே அளவு கதிர் போக வேண்டும். சில அங்குலம் தள்ளியிருக்கும் தண்டுவடத்துக்கோ 45 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அளவு மிகுந்தால் வாழ்நாள் முழுவதும் வாய் வறண்டு, ஒரு களி உருண்டையை விழுங்கத் தண்ணீர் தேட வேண்டிவரும். திட்டம் முடிந்ததும் நோயாளி இல்லாமலே இயந்திரத்தை ஓட்டி, கணக்கிட்ட அளவும் வெளிவரும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று அளந்து பார்க்கிறார்கள். அதன்பிறகே முதல் நாள் சிகிச்சை.

நெசவாள நண்பர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் புதுப் புட்டா ஒன்று போட வேண்டுமானால் முதல் ஊடை விழுவதற்கு முன் எவ்வளவு வேலை! கட்டத் தாளில் வரைய வேண்டும். கட்டம் எண்ணி அட்டை அடிக்க வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியில் ஏற்ற வேண்டும். அட்டையில் ஒரு துளை தவறினால் சேலை நெடுகிலும் தவறு. வரைந்தவருக்கும் அட்டை அடித்தவருக்கும் கூலி கொடுக்கமாட்டேன், ஓடிய கெஜத்துக்குத்தான் கூலி என்று எந்த நெசவாளர் சங்கமாவது சொல்லுமா? மேலும், ஒரு தறிக்கு அடித்த அட்டை வேறு அமைப்புள்ள தறிக்குப் பொருந்தாது. கதிர்த் திட்டமும் அப்படியே. ஒவ்வோர் இயந்திரத்தின் கதிரையும் தனியே அளந்து, அந்த அளவுகளின்மேல்தான் திட்டம் கட்டப்படுகிறது. ஆகையால்தான் என் தகடு பயன்படவில்லை.

இந்தச் செலவு அந்நாளில் இவ்வளவு இல்லை என்பதும் உண்மையே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. அக்காலத்தில் எக்ஸ்ரே படத்தின்மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அச்சிட்ட அளவுப் படங்களைப் பொருத்திக் கையால் கணக்கிட்டார்கள். கோபால்ட்டின் வீரியம் ஐந்தேகால் ஆண்டில் பாதியாகக் குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொள்வதும் அந்தக் கைக்கணக்கில் சேர்ந்ததே. செலவின் பெரும்பகுதி அன்று இயந்திரத்தில் இருந்தது. இன்று ஸ்கேனும் கம்ப்யூட்டரும் வந்தபின், படித்தவர்கள் உட்கார்ந்து யோசிக்கும் மணிநேரங்களிலும் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது. யோசனைக்குக் கூலி கொடுப்பது நம் மக்களுக்கு எப்போதும் கசப்பு. வக்கீலுக்குக் கொடுப்போம்; அதுவும் கசந்துகொண்டே.

திட்டச் செலவு நியாயமானது என்று நான் சொல்வதால், கேட்கும் தொகை எல்லாமே நியாயம் என்று ஆகிவிடாது. அமெரிக்க அரசின் சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதியோருக்கான அவர்கள் அரசுக் காப்பீட்டில், நுட்பமான கதிர்த் திட்டத்துக்குக் கொடுக்கும் கட்டணத்திலேயே அடங்கிய ஒரு வேலைக்கு, ஆஸ்பத்திரிகள் தனியாகவும் பணம் கேட்டு வாங்கியிருந்தன. மாதிரிக்கு எடுத்த 100 இனங்களில் 100-லும் அந்தத் தவறு இருந்தது! நாடு முழுவதும் கணக்கிட்டபோது கோடிக்கணக்கான டாலர் கூடுதலாகப் போயிருந்தது. ஒவ்வொரு சிறு வேலைக்கும் தனித்தனி விலை வைத்தால் இவ்வாறு பட்டியல் பருத்துவிடுகிறது. நம் சங்கங்களில் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் போட்டு, அதன்பின் ‘போக்குவரத்துச் செலவு’ என்று அதையே மூன்றாம் முறை எழுதும் பில்களைப் பார்த்த எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை.

இதற்கு நேர்மாறான முறை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. நம் அங்கத்தினருக்கு நான்காம் வாரத்தில் வாய்ப்புண்ணால் உணவு இறங்கவில்லை, உடல் இளைத்தது, முகமூடி தளர்ந்தது. கட்டியும் சுருங்கியிருந்தது. முன்பு முகத்துக்குச் சரியாக இருந்த திட்டம் இப்போது வேறொருவருடைய முகத்துக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பெண்மணி புதிதாக முகமூடி செய்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுதிட்டம் போட்டார். எங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. மொத்தத் தொகை முறையில் அந்த இரண்டாவது உழைப்புக்குத் தனி வருமானம் இல்லாதபோது, எல்லா இடத்திலும் எல்லாரும் இவ்வாறு செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? தளர்ந்த முகமூடியை இரண்டு துணி மடித்து வைத்து இறுக்கிவிட்டுச் சிகிச்சையைத் தொடரும் சபலம் எந்த ஸ்தாபனத்துக்கும் வரலாம். மனசாட்சியை மட்டும் நம்பி எந்தச் சங்கத்தையும் நடத்த முடியாது, காப்பீட்டையும் அப்படித்தான்.

நாள் கணக்கில் விலை வைப்பது இன்னொரு குறை. மார்பகப் புற்றுநோயில் முன்பு 25 நாள் கொடுத்ததை 15 நாளில் முடிக்கலாம் என்பது பல ஆண்டுகளாக நிலைபெற்ற விஷயம். தகுந்த நோயாளிகளுக்கு ஐந்தே நாளில் முடிக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2020-இல் வந்தது. நாள் குறைந்தாலும் திட்டமிடும் உழைப்பு குறைவதில்லை. 25 நாளுக்குப் போடுவதும் ஐந்து நாளுக்குப் போடுவதும் ஒரே வேலைதான். காப்பீட்டார் நாளை எண்ணிப் பணம் கொடுத்தால், நோயாளியின் இருபது நாள் பஸ் கட்டணத்தையும் கூலியையும் மிச்சப்படுத்தும் ஆஸ்பத்திரிக்கே நஷ்டம் ஏற்படும். இதைவிடத் தலைகீழான ஏற்பாடு இருக்க முடியாது.

என் அபிப்பிராயம் யாதெனில், சிகிச்சைக்கு ஒரு மொத்தத் தொகையும், அதில் திட்டத்துக்கென்று பிரித்துக் காட்டிய ஒரு தொகையும் இருக்க வேண்டும். திட்டத் தொகையை ஒரு சிகிச்சைக்கு ஒரே தடவை கொடுக்க வேண்டும். மறுதிட்டம் தேவைப்பட்டால், டாக்டர் காரணத்தை எழுத்தில் கொடுத்தபின் அதற்கும் ஒரு தொகை தர வேண்டும். காப்பீட்டாருக்கு இது கூடுதல் செலவுதானே என்று சிலர் கேட்கக்கூடும். தவறான இடத்தில் விழுந்த கதிரால் வரும் பிற்காலச் சிகிச்சைகளுக்கும் அதே காப்பீடுதான் பணம் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

காப்பீட்டார் பணம் என்று அந்நியமாகப் பேசுவதும் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை என்று உயர்ந்தது. 2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரிமியம் ரூ.849, குடும்பங்கள் 1 கோடியே 37 லட்சம். இதை அரசு வரிப்பணத்திலிருந்து கட்டுகிறது. ஒருவரின் சிகிச்சைக்கு ரூ.84,900 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 100 குடும்பங்களின் ஓராண்டுப் பிரிமியம் அவர் ஒருவருக்காகச் செல்கிறது. 100 பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்குவது கூட்டுறவின் அரிச்சுவடி. அதில் வீண் செலவு நேர்ந்தால் நஷ்டம் அந்த 100 பேருக்கும் உண்டு.

நம் இயக்கத்துக்கு இத்துறையில் அனுபவமும் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கென்றே 2003-இல் யசஸ்வினி திட்டம் தொடங்கியது. ஆளுக்கு மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 ரூபாய். இடையில் 2018-இல் வேறு திட்டத்தில் கலந்து, பின்னர் மீண்டும் உயிர் பெற்றது. ஆனால் அது அறுவைச் சிகிச்சையை முன்னிறுத்தி வகுக்கப்பட்ட திட்டம். கைத்தறி நெசவாளருக்கென்று மத்திய அரசு 2005-06-இல் கொண்டுவந்து பின்னர் நின்றுபோன காப்பீட்டிலோ, குடும்பத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 15,000 ரூபாய். காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அது உதவியிருக்கும். ஒன்றரை மாதம் தினந்தோறும் நடக்கும் வைத்தியத்தை அவற்றை வகுத்தவர்கள் மனத்தில் வைத்திருக்கவில்லை.

ஓசூர்ப் பக்கத்தில் நமக்கு ஒரு விசேஷச் சங்கடம் உண்டு. பெங்களூர் அருகில், சேலமும் காஞ்சிபுரமும் சென்னையும் தொலைவில். அருகில் உள்ள இடத்தில் நம் அட்டை செல்லுமா என்பது சந்தேகம். அட்டை செல்லும் இடத்துக்குத் தினமும் போய்வர முடியாது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு வேறு மாநிலத்திலும் அட்டை செல்லும். மாநிலத் திட்டத்தில் மட்டும் உள்ளவர்களுக்கு அந்த வசதி வேறு. தன் குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை அறியாத அங்கத்தினர்களே அதிகம். சிப்காட் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனுக்கு இ.எஸ்.ஐ. இருக்குமானால், அவனைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதில் வழி உண்டு. அவன் குறிப்பிட்ட காலம் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனியாகப் பாலிசி எடுத்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு ஆஸ்பத்திரியில் 24 மணிநேரம் தங்க வேண்டியதில்லை என்று பாலிசிகள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் முகமூடியும் ஸ்கேனும் திட்டமும் சிகிச்சைக்கு முந்திய நாட்களில் நடப்பவை. 2020-இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி போன்ற பாலிசிகளில் முந்திய 30 நாள் செலவைக் கேட்டுப் பெறலாம், ரசீது இருந்தால்தான். அதே பாலிசியில், ஊசிமுனை போன்ற நுண்கதிர் அறுவைக்குக் காப்புத் தொகையில் பாதிக்கு மேல் கிடைக்காது என்ற வரியும் இருக்கிறது. கையொப்பம் போடுமுன் இதைப் படிக்கிறவர்கள் யார்?

விலை உயர்ந்த திட்டமே உயர்ந்த சிகிச்சை என்ற மயக்கமும் வேண்டாம். வாய், தொண்டைப் புற்றுநோயில் நுட்பமான திட்டம் உமிழ்நீரைக் காப்பாற்றுகிறது. அதற்குக் கொடுக்கும் பணம் தகும். எலும்புக்குப் பரவிய நோயின் வலியைத் தணிக்கப் பெரும்பாலும் எளிய திட்டத்தோடு ஒரே நாள் கொடுக்கும் 8 கிரே கதிர், பல நாள் கொடுப்பதைப் போலவே பயன் தருகிறது. “எளிய முறை இதற்குப் போதாதா?” என்று டாக்டரிடம் கேட்பது அவமரியாதையாகாது. நல்ல டாக்டர் காரணம் சொல்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பட்டியலிலும் வராத செலவுகள் இருக்கின்றன. 2017-18-இல் நாடு முழுவதும் எடுத்த அரசுக் கணக்கெடுப்பின்படி, புற்றுநோய்க்காக ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அரசு ஆஸ்பத்திரியிலேயே சராசரி 22,000 ரூபாய்க்கு மேலும், தனியாரிடம் 93,000 ரூபாய்க்கு மேலும் செலவாகியிருந்தது. ஆறரை வாரம் வெளியூரில் அறை வாடகை, துணைக்கு வந்தவரின் உணவு, இங்கே விட்டுவந்த வயல், இவை வேறு. நம் அங்கத்தினர் சிகிச்சைக்குப் போனது ராகி அறுக்கும் காலம். ஜவளகிரிப் பக்கத்திலிருந்து யானைகள் சானமாவுக் காட்டுக்கு வந்து இறங்கும் காலமும் அதுவே. இரவுக் காவலுக்கு ஆள் வைத்த கூலியை எந்த இன்ஷூரன்சில் கேட்பது? நான்கு நாள் அவருடைய மனைவி தனியாகப் பரணில் இருந்திருக்கிறார். நோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக் கட்டணம் முழுவதும் சலுகை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு சலுகை என்பதுகூட அவர்களுக்குப் பாதிச் சிகிச்சை முடிந்தபிறகே தெரிந்தது.

இங்கேதான் சங்கம் செய்யக்கூடியது இருக்கிறது. சிகிச்சைப் பணத்தைச் சங்கம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டியதில்லை. முகமூடி செய்யப் படுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்: என் அட்டை இங்கே செல்லுமா, அனுமதி எழுத்தில் வந்துவிட்டதா, திட்டச் செலவு தொகையில் அடக்கமா, வேறா, மறுதிட்டம் வந்தால் யார் கொடுப்பது, எத்தனை நாள் சிகிச்சை, அதைக் குறைக்க இயலுமா. திட்டம் தொடங்கியபின் இடம் மாறினால் பணமும் நாளும் வீண் என்பதையும் தடித்த எழுத்தில் சேர்க்க வேண்டும். செயலாளரோ எழுத்தரோ ஒருவர், மாவட்டக் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் விதிகளைக் கேட்டுவந்தால், நூறு குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும்.

அறை வாடகைக்கும் காவல் கூலிக்கும் பொது நல நிதியிலிருந்து துணைவிதிகளுக்கு உட்பட்டு ஒரு தொகை கொடுக்கலாம் என்று அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. மானியமாகக் கொடுப்பதா, வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பதா என்பதில் அபிப்பிராய பேதம். கடனாகக் கொடுத்தால், இளைத்துத் திரும்பும் மனிதரிடம் அடுத்த அறுவடையில் வசூலுக்குப் போய் நிற்க வேண்டியவன் நானே. ஆகையால் மானியமே நல்லது என்று சொல்லியிருக்கிறேன். நிதியின் நிலை அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைத் தை மாதக் கணக்கு முடிந்ததும் பார்க்க வேண்டும்.